ஒரே கையெழுத்தில் இரண்டு தாள்கள்

அத்தியாயம் 14

சித்ராவின் நாத்தனார் கிருஷ்ணவேணி, யாரும் கூப்பிடாமலே திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, யாரும் கேட்காமலே தன் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டதோடு போன வாரம் விட்டிருந்தோம். பஸ் இப்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிறது. அதில் நடந்துகொண்டிருந்த பேச்சு விழுப்புரம் எல்லையிலேயே நின்றுவிட்டது.

மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் ராயன். முழுப்பெயர் தாண்டவராயன், வயது நாற்பத்து நான்கு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று அவருடைய சான்றிதழ் சொல்லும். எந்த பஸ் டவுனுக்குள் போகும், எது பைபாஸில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டும் என்று கண்டக்டருக்கே சொல்லிக் கொடுப்பவர் என்பதைச் சான்றிதழ் சொல்லாது. நடுவில் சித்ரா, அவருடைய தம்பி குமரேசனின் மனைவி. ஓரத்தில் அக்கா கிருஷ்ணவேணி, மடியில் ஒரு பெரிய கைப்பையுடன்.

“கேக்கறவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?” என்றாள் கிருஷ்ணவேணி.

“யாருங்க அண்ணி கேக்கறாங்க?”

“கேப்பாங்க.”

“கேட்டா உங்க வீட்டுல இருக்காருன்னு சொல்லுங்க. அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்.”

கிருஷ்ணவேணிக்கு விழுப்புரத்தில் மூன்று படுக்கையறை வீடு. மூன்றாவது அறையில் பல வருடங்களாக ஓர் உடற்பயிற்சி மெஷின் தங்கியிருக்கிறது. அதை யாரும் குளிப்பாட்ட வேண்டியதில்லை, அது ஊரில் யாருக்கும் பதில் சொல்ல வைப்பதுமில்லை.

மாமியார் தை மாதம் கண்ணை மூடியதிலிருந்து ராயன் முழுக்க முழுக்க சித்ராவின் பொறுப்பு. அதற்கு முன்னாலும் பதினாறு வருடம் அப்படித்தான், மேற்பார்வைக்கு மாமியார் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். சித்ராவுக்கு இப்போது முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருக்கிறது. குனியாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் செய்யக்கூடிய வேலை எதுவும் அந்த வீட்டில் கிடையாது.

திண்டிவனத்தில் ஒரு வீடு. நான்கு அறைகள், இப்போதைக்கு ராயனைப் போலக் குறைபாடுள்ள மூன்று ஆண்கள். அவர்களே சமைத்து, அவர்களே துவைத்து வாழ்கிறார்கள். முடியாததற்கு மட்டும் உதவியாளர் உண்டு. நான்காவது அறை காலி. ராயன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்ததும் நான்கு சட்டைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “எப்ப போறோம்?” என்று தினமும் கேட்க ஆரம்பித்தார்.

இன்றைக்கு அந்த வீட்டின் பொறுப்பாளர் அமலா அவரிடம் பேசிப் பார்ப்பார். சாயங்காலத்துக்குள் முடிவு. சரிப்படாவிட்டால் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது. அப்புறம் அறை எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

“மாமா, அங்க போய்க் கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும். சரிங்களா?” என்றாள் சித்ரா.

“சரி,” என்றார் ராயன்.

கிருஷ்ணவேணி கைப்பையைத் தடவிக்கொடுத்தாள்.

*

அமலா முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். அழுகிறவரையும் அழுவது போல நடிப்பவரையும் வார்டு வாசலிலிருந்தே பிரித்துவிடுவார் என்று பெயர். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். தாள்களை எடுத்து வைத்தார்.

கிருஷ்ணவேணி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். உள்ளே வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை.

“சும்மா, வந்த எடத்துக்கு,” என்றாள்.

அந்த டப்பா எதற்கு வந்திருக்கிறது என்று, கொண்டுவந்தவளைத் தவிர, சித்ராவுக்கும் ராயனுக்கும் மட்டும் தெரியும்.

பத்து வருடம் முன்னால் சான்றிதழ் முகாம் வந்தபோது, நன்றாகப் பேசினால் குறைபாட்டுச் சதவீதம் குறைந்துவிடும், சதவீதம் குறைந்தால் மாத உதவித்தொகை கிடைக்காது என்று யாரோ குடும்பத்தைப் பயமுறுத்தினார்கள். கிருஷ்ணவேணி உடனே பயிற்சி வகுப்பு தொடங்கினாள். மேசை போட்டாள், தாள் வைத்தாள், கண்ணாடி மாட்டிக்கொண்டு தானே டாக்டரானாள். எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ‘தெரியாது’க்கும் ஒரு மல்லாட்டை உருண்டை. ராயன் முதல் நாளே பதினான்கு உருண்டை தின்றார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் ஒரே நாளில் ஒரு பாடத்தை முழுமையாகக் கற்றுத் தேறினார். அதை வைத்து அவரால் எதையும் கற்க முடியாது என்று எண்பது சதவீதத்துக்குச் சான்றிதழ் வாங்கினார்கள்.

“உங்க பேரு என்னாங்க?” என்று அமலா ராயனைப் பார்த்துக் கேட்டார்.

ராயன் மேசையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அக்காவின் கண்ணாடியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

“தெரியாது,” என்றார்.

“பரவால்ல. டீ போடுவீங்களா?”

“தெரியாது.” கை நீட்டி ஓர் உருண்டை எடுத்துக்கொண்டார்.

“காலையில சாப்டீங்களா?”

“தெரியாது.” இன்னொன்று.

“மாமா,” என்றாள் சித்ரா.

“அவரே சொல்லட்டும்,” என்றாள் கிருஷ்ணவேணி. “நீ எதுக்கு ஊடால பூந்துக்கினு.”

அமலா பேனாவை மூடி வைத்தார். “இங்க இருக்க உங்களுக்குப் புடிச்சிருக்கா?”

நடைக்கு அப்பால் நான்காவது அறையின் கதவு தெரிந்தது. ராயன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயில் இருந்ததை மென்று முடித்து, மெதுவாக, “தெரியாது,” என்றார்.

“பாத்துக்குங்க மேடம்,” என்றாள் கிருஷ்ணவேணி. “இவன எப்படி வெளிய வுடறது? நெஞ்சு அடிச்சிக்குது.”

சித்ரா வாயைத் திறந்தாள். டப்பாவின் கதையை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மூன்றாவது வாக்கியத்தில் தன் பெயர் வரும். வாயை மூடிக்கொண்டாள்.

அமலா கோப்பைப் புரட்டி இரண்டு தாள்களை உருவி, அருகருகே வைத்தார்.

ஒன்று, போன வாரம் இந்த வீட்டுக்காகச் சித்ரா எழுதியது. ‘எல்லா வேலைகளையும் தாமே செய்வார். சமையலில் நன்கு உதவுவார்.’ இன்னொன்று, ஐந்து வருடம் முன்னால் சான்றிதழைப் புதுப்பிக்க எழுதியது. ‘குளிக்க, உடுத்த, உண்ண, அனைத்துக்கும் பிறர் உதவி தேவை. அடுப்பருகே விட இயலாது.’ ஜெராக்ஸ் கடையில் சித்ரா “எல்லாத்தையும் போடுங்கண்ணா” என்று கோப்பை அப்படியே நீட்டியதால் இதுவும் சேர்ந்து வந்திருந்தது. இரண்டிலும் துணைக்கால்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

“ரெண்டும் உங்க எழுத்துதாங்களா?” என்றார் அமலா.

“ஆமாங்க.”

“இதுல எது பொய்?”

“இப்ப எழுதுனது,” என்று கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள்.

“பழசுதாங்க பொய்,” என்றாள் சித்ரா.

“அப்ப கவர்மெண்ட ஏமாத்துனியா?”

“நீங்க போட்டுக் குடுத்த ரோட்டுலதாங்க அண்ணி போனேன்.”

“நான் ஒரு எழுத்து எழுதியிருக்கேனா அதுல? காட்டு பாக்கலாம்.”

“ரெண்டு பேரும் சத்தத்த கொறைங்க,” என்றார் அமலா. “ராத்திரி இங்க ஒரே ஒரு உதவியாளருதான். அடுப்பு இருக்குது, கேஸ் இருக்குது. நீங்க எழுதுறத நம்பித்தான் நான் ஆளை விடணும். நீங்க பொய் எழுதுனா வெந்து போறது நீங்க இல்ல, அவரு.”

அப்போதுதான் பக்கத்தில் ராயனின் நாற்காலி காலியாக இருப்பதைச் சித்ரா பார்த்தாள். டப்பாவும் காலி.

சமையலறையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

*

“யாரக் கேட்டுய்யா போர்ட அழிச்ச?”

கத்தியவர் விருத்தாசலம். வயது ஐம்பத்தைந்து, இந்த வீட்டின் முதல் ஆள். ஒன்பது வருடம் முன்னால் லாரியில் அடிபட்டதிலிருந்து, சற்று முன் செய்தது அவருக்கு நினைவில் நிற்காது. அதனால் அடுப்புக்கு மேலே ஒரு கரும்பலகை. உப்பு போட்டால் ‘உப்பு’ என்று எழுதி ஒரு கோடு, புளி கரைத்து ஊற்றினால் இன்னொரு கோடு. இன்று சமைக்கும் முறை அவருடையது. தண்ணீர் குடிக்க உள்ளே போன ராயன், பலகையில் கிறுக்கல் இருக்கிறதே என்று ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டார்.

“அழுக்கா இருந்துது,” என்றார் ராயன்.

“அழுக்கா? அது உப்புய்யா.”

“உப்பு டப்பாவுல இருக்குது.”

“இப்ப நான் உப்பு போட்டனா இல்லியா? நீ சொல்லு.”

ராயன் கரண்டியை எடுத்தார். சாம்பாரைக் கிளறி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கினார். முகம் கோணியது.

“போட்ட. ரெண்டு வாட்டி போட்ட.”

“வாய மூடு. என் வீட்டுல வந்து என்கிட்டியே…”

“மரக்காணம் உப்பளத்துத் தண்ணி மாரி இருக்குது. அடுப்ப கொறைய்யா, அடி புடிக்குது. மூக்கு இல்லியா உனுக்கு?”

விருத்தாசலம் அசையவில்லை. ராயனே குனிந்து தீயைக் குறைத்தார். வெந்த பருப்பு மீதி இருக்கிறதா என்று மூடிகளைத் திறந்து பார்த்தார். ஒரு கிண்ணம் கிடைத்தது. கரைத்து ஊற்றினார். உருளைக்கிழங்கு எங்கே என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றார் விருத்தாசலம். ராயன் தானே கூடையைக் கண்டுபிடித்து, இரண்டை எடுத்துத் தோல் சீவினார்.

“நல்லா வந்து சேந்த,” என்றார் விருத்தாசலம். “நிம்மதியா இருந்தேன். இனிமே ஒரே பேஜாரு.”

“நீ சமைச்சத நீயே துன்னு பாரு. அப்ப தெரியும் பேஜாரு.”

வாசல்படியில் அமலா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சித்ரா, சித்ராவுக்குப் பின்னால் கிருஷ்ணவேணி. வீட்டில் ராயன் யாரையும் இப்படித் திட்டிச் சித்ரா கேட்டதில்லை. அங்கே திட்டுவதெல்லாம் மற்றவர்களின் உரிமையாக இருந்தது.

அமலா உள்ளே போய்ப் பலகையைக் காட்டினார். “இதுல கோடு போட்டு வெச்சிருந்தாரு. அது எழுத்துன்னு தெரியலியா?”

“எனுக்குப் படிக்க வராது,” என்றார் ராயன்.

“வேற என்னா வராது?”

“நகம் வெட்ட வராது. சித்ரா வெட்டும். சில்லற எண்ண வராது.” கிழங்கை நறுக்கிக்கொண்டே யோசித்தார். “மிக்ஸி வராது. சத்தம் ஆவாது.”

அமலா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சாதாரணமாக, கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்கும் குரலில் கேட்டார். “அங்க மட்டும் ஏன் பேரு கூடத் தெரியாதுன்னு சொன்னீங்க?”

“மேச இருந்துது. பேப்பர் இருந்துது.”

“அப்படிச் சொல்லணும்னு யாரு கத்துக்குடுத்தது?”

கிருஷ்ணவேணி வெளியே தெரிந்த கொடிக்கயிற்றைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“அக்கா உருண்ட குடுத்துது,” என்றார் ராயன். “சித்ரா அடிச்சுது.”

அமலா அவர் பக்கம் திரும்பினார்.

“எதால?”

“கரண்டியால. இங்க.” வலது கையின் விரல் முட்டிகளைக் காட்டினார்.

அது ஐந்து வருடம் முன்னால். மறுநாள் சான்றிதழைப் புதுப்பிக்கும் முகாம். சித்ராவின் பெண்ணுக்குக் காய்ச்சல். மாமியார் படுத்த படுக்கை. பயிற்சி வகுப்பை ஆரம்பித்து வைத்த நாத்தனார் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள், உருண்டையும் இல்லை. ‘உங்க பேரு என்ன’ என்று ஏழாவது தடவை கேட்டபோதும் ராயன் ‘தாண்டவராயன்’ என்று சொல்லிச் சிரித்தார். தன் பெயரைச் சரியாகச் சொன்ன குற்றத்துக்காக அன்றைக்கு அவருக்கு இரண்டு அடி விழுந்தது.

“ஒருத்தர் அடி வாங்குனேன்னு சொன்னா நான் எழுதி வெச்சாகணும்,” என்றார் அமலா. “எப்ப, எதால, யாருன்னு.”

“எழுதுங்க,” என்றாள் சித்ரா. “அஞ்சு வருஷம் ஆவுது. கரண்டி. நான்தான்.”

கிருஷ்ணவேணிக்கு அன்றைய தினம் அப்போதுதான் விடிந்தது. “கேட்டீங்களா மேடம். கை நீட்டி அடிக்கிறவகிட்டதான் எங்க தம்பிய வுட்டு வெச்சிருந்தோம். நான் ஒரு நாளு இவன் மேல கை வெச்சிருப்பேனா?”

“நீதான் வர்றதே இல்லியே,” என்றார் ராயன்.

விருத்தாசலம் சிரித்தார். எதற்கென்று அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. ஆனால் நன்றாகச் சிரித்தார்.

கிருஷ்ணவேணி நடைக்குப் போனாள். நான்கு சட்டைகள் இருந்த பையைத் தூக்கினாள். “ராயா, கெளம்பு. இங்கயும் வேணாம், அவகிட்டயும் வேணாம். ஜல்தியா வா. என் வீட்டுக்குப் போலாம்.”

பதினாறு வருடத்தில் இந்த வாக்கியத்தை சித்ரா முதல் முறையாகக் கேட்கிறாள். தடுக்க வேண்டுமா, ஆட்டோ பிடித்துக் கொடுக்க வேண்டுமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ராயன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எந்த ரூமு?”

“மூணாவது ரூமு.”

“அங்க மிஷினு இருக்குது.”

“அத வித்துடறேன்.”

“எப்ப?”

கிருஷ்ணவேணி தேதி யோசித்தாள். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. ராயன் அவள் கையிலிருந்து பையை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். நேரே நான்காவது அறைக்குப் போனார். உள்ளே நின்று கதவின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. மேலும் கீழும் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

விழுப்புரத்தில் சித்ரா வீட்டில் அவர் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே பூட்டிக்கொண்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று மாமனார் காலத்திலேயே கழற்றிவிட்டார்கள். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை மட்டும் யாரும் கழற்றவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

“ராயா,” என்று கிருஷ்ணவேணி தட்டினாள்.

“மாமா,” என்று சித்ராவும் தட்டினாள். அன்று இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

“நான் தூங்கப் போறேன்,” என்றது உள்ளேயிருந்து குரல். “கெழங்கு வெந்ததும் அந்த ஆள எறக்கச் சொல்லு.”

*

“ஏழு நாள் இருந்து பாக்கட்டும்,” என்றார் அமலா. மேசையில் பழைய தாளும் புதிய தாளும் அப்படியே கிடந்தன. “இந்த ரெண்டு தாளுலயும் இருக்கற ஆளு வேற, சமையக்கட்டுல நான் பாத்த ஆளு வேற. என்னா வரும், என்னா வராதுன்னு உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க. பழைய தாளு பொய்யின்னும் எழுதுங்க. அது இல்லாம நான் ராத்திரி இவர வெச்சிக்க முடியாது. திருவெண்ணெய்நல்லூருக்கு போன் பண்ணிடுவேன்.”

“எழுதுனா என்னாங்க ஆவும்?”

“திரும்ப டெஸ்டுக்குக் கூப்புடலாம். உதவித்தொகை கொறையலாம், நிக்கலாம். ஏன் பொய் எழுதுனன்னு உங்களக் கேக்கலாம். கேக்க மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.”

சித்ரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அமலா வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தினார்.

“எழுது, எழுது,” என்றாள் கிருஷ்ணவேணி. “உன்னப் பத்தி எவ்ளோ வேணா எழுதிக்க. என் பேரு மட்டும் அதுல வரக் கூடாது.”

“மொத வரியே உங்க பேருதாங்க அண்ணி. ரெண்டாவது வரிதான் நான்.”

கிருஷ்ணவேணி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சித்ரா எழுதினாள். டப்பா வந்தது. உருண்டை வந்தது. மேசையும் கண்ணாடியும் வந்தன. கரண்டி வருகிற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினாள், பிறகு அதையும் எழுதினாள். துணைக்கால்கள் வழக்கம்போல ஒரே பக்கம் சாய்ந்தன.

கிருஷ்ணவேணி அரை மணி கழித்துத் திரும்பி வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். “உன் புருஷன். பேசு.”

“சித்ரா,” என்றது குமரேசனின் குரல், வண்டிச் சத்தத்துக்கு நடுவே. “பேனாவக் கீழ வை. நான் வந்துக்கினே இருக்கேன். விக்கிரவாண்டி தாண்டிட்டேன்.”

“அவரு உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கினு இருக்காருங்க. இங்கதான் இருப்பேன்னு சொல்றாரு.”

“இருக்கட்டும். யாரு வேணாங்கறது. அந்தப் பழைய தாள மட்டும் கெளறாத.”

“கெளறலன்னா இங்க வெச்சிக்க மாட்டாங்க.”

“அடியே, அதுல கீழ பாரு. சாட்சின்னு போட்டுக் கையெழுத்து இருக்குதே, அது யாருது?”

சித்ரா பழைய தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அடியில், சாட்சி என்ற இடத்தில், குமரேசனின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் அவன் எழுத்தராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் முத்திரை. முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில், அங்க போடுங்க, இங்க போடுங்க என்று விரல் வைத்துக் காட்டி வாங்கியவள் அவள்தான்.

“வேல போயிடும்,” என்றது குரல். “புரியுதா? வேல.”

சித்ரா பேனாவை மூடினாள். எழுதிய தாளையும், பழைய தாளையும், நான்காவது அறையின் கதவையும் பார்த்தாள்.

“இன்னொரு வெள்ளத்தாள் இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

“அப்படி வா வழிக்கு,” என்றாள் கிருஷ்ணவேணி. அன்று முதல் முறையாகச் சிரித்தாள். பாதி எழுதியிருந்த தாளை எடுத்து நான்காக மடிக்கப் போனாள்.

சித்ரா அதைத் திரும்ப வாங்கி, மடிப்பை நீவி மேசைமேல் வைத்தாள்.

“அது இருக்கட்டுங்க அண்ணி. ரெண்டு பேருன்னு நெனச்சி ஆரம்பிச்சேன், எடம் பத்தல. சாட்சியோட மூணு பேரு ஆயிடுச்சி.”